நீலத்துக்குள் மாமி வீடு

மொட்டைக்கறுப்பன் அரிசிக்குள்
இரண்டு நாள் புதைத்து வைத்திருந்தாராம்.
சார்ஜ் துளையில் இன்னும் ஒரு குறுணி.
"தங்கச்சி, கடலுக்கை விழுந்திட்டுது,
காசைப் பாராதையும், உயிர் வரப்பண்ணும்" என்கிறார்
குருநகர் எமிலியானுஸ்.

அரிசி சோற்றுக்கு, அண்ணை.
உப்பை அது குடிக்காது.

ஸ்டான்லி வீதியில் என் கடை ஆறடி அகலம்.
சூட்டுக் காற்றில் பசையை இளக்கி
விளிம்பை நெம்பி முதுகைத் திறந்தால்
செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது.
மூலையில் அரிசிமணி பருமனில் ஒரு மோட்டர்:
அழைப்பு வந்தால் சட்டைப்பையில் துடிப்பது இதுதான்.
ஒருபக்கம் பாரம் கூடிய சக்கரம்,
நிம்மதியாய்ச் சுழலத் தெரியாதது.

"படங்கள் வேணுமோ? நம்பருகள்?"
"அதெல்லாம் மனிசியின்ரை போனிலை கிடக்கு.
எனக்கு என்ரை இடங்கள் வேணும்."

ஸ்பிரிட்டில் பிரஷைத் தோய்த்துத் தோய்த்து
உப்பைத் துலக்கினேன்.
பற்றரி புதிது போட்டேன்.
மூன்றாம் நாள் பின்னேரம் திரை விழித்தது.

முதலில் சிரிப்பு வந்தது.
வள்ளத்தின் ஆட்டத்தையெல்லாம் நடையென்று எண்ணி
விழுந்த அன்று அவர்
பதினோராயிரம் அடி நடந்ததாக எழுதி வைத்திருக்கிறது
கடலில், இருந்த இடத்தில்.

பிறகு வரைபடம்.
மண்டைதீவைக் கழித்தால் முழுக்க நீலம்.
நீலத்துக்குள் நாற்பத்திமூன்று சிவப்பு ஊசிகள்.
மாமி வீடு.
சங்கக்கடை.
பல்லுப் பிடுங்கின இடம்.
தபால்கந்தோர், அதற்கு மேற்கே
இன்னொரு தபால்கந்தோர்.

"மாமி வீட்டிலை என்ன அண்ணை?"
கதவடியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.
"விளைமீன். ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

மேலேயிருந்து ஏதோ தன்னைப் பார்த்துத்தான்
இடம் சொல்கிறதென்று இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார்.
இல்லை அண்ணை, அவை பார்க்கிறதில்லை.
நேரம் மட்டும் சொல்லிக்கொண்டே சுற்றுகின்றன,
இன்னாருக்கென்று இல்லாமல்.
நாலு கடிகாரத்தின் நேரம் வந்து சேர
எது எவ்வளவு பிந்தியது என்று
உங்கள் போனே கணக்குப் பார்க்கும்.
சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம்,
திறந்த வானம் போதும்.

"அப்ப நான் நிக்கிறது அவைக்குத் தெரியாதோ?"
தெரியாது.
மனுசனுக்கு அது பெரிய ஆறுதல் போலிருந்தது.

டவர்தான் வேறை மாதிரி.
நீங்கள் ஆரோடும் கதைக்காவிட்டாலும்
பைக்குள் கிடந்தபடி, இடைக்கிடை
'நான் இஞ்சை நிக்கிறன்' எண்டு போன் சொல்லவேணும்.
சொன்னால்தான் ஆரும் தேடினால்
எந்தக் கோபுரத்தடியில் கூப்பிடுவதென்று தெரியும்.
பெயரும் போகுமிடமும் சொல்லிச் சொல்லியே
தெருக் கடந்தவர்கள் நாங்கள்.
அவர் சிரித்தார். நானும்.

நெடுந்தீவுக்கு அங்காலை எங்கள் கோபுரம் மெலியும்,
அக்கரைக் கோபுரம் ஓங்கும்.
ஓங்கினதைப் பிடித்துக்கொள்வது போனின் குணம்,
அதற்கு எல்லை தெரியாது.
'இந்தியா உங்களை அன்புடன் வரவேற்கிறது'
என்று செய்தி விழுந்தால்
எஞ்சினைத் திருப்பிவிடுவாராம், வலை பாதியில் நின்றாலும்.

ஊசிகளின் பிரதி என் கணினியில் இருந்தது.
அவர் பார்த்திருக்க அழித்தேன்.
குப்பைக்கூடையையும் திறந்து காட்டச் சொன்னார்.
காட்டினேன்.

போகமுன் கண்ணாடிப் பெட்டியில் முழங்கையை ஊன்றி
வரைபடத்தை விரித்து
தடித்த விரலால் நெடுநேரம் அழுத்தினார்.
நாற்பத்திநாலாவது ஊசி, கரையில் முதலாவது,
என் கடைக்கு மேல்.
பெயர்: ஐஸ் கொம்பனி.

"அண்ணை, கடையின்ரை பேர் வெளியிலை எழுதியிருக்கே."
"நல்ல இடங்களுக்கு நான்
உண்மைப் பேர் வைக்கிறேல்லை."

மிச்சம் முந்நூறு ரூபாயை வாங்க மறந்து போனார்.
ஸ்பீக்கருக்குள் இன்னும் கொஞ்சம் கடல் கரகரக்கிறது,
அதைச் சொல்ல நானும் மறந்து போனேன்.